ஏழாவது அணி

கதவைத் தட்டுவதா, தள்ளிக்கொண்டு போவதா என்று தெரியாமல் அவன் நின்றான்.

தோளில் பை. கையில் இரண்டு ஹாக்கி மட்டைகள். காலில் ரப்பர் செருப்பு.

உள்ளே இருபது பேர் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவனின் உதட்டை நேற்று இவன்தான் கிழித்திருந்தான்.

நேற்று சனிக்கிழமை. ஐஸ் ஹாக்கியில் கழுகுகளும் நீர்நாய்களும் மோதின. இவன் ஆரூரன், கழுகுகளின் முன்கள ஆட்டக்காரன். நீர்நாய்களின் தடுப்பாளன் ஸ்டெல்மாக், ஆறடி ஐந்து அங்குலம். அவன் ஏதோ சொன்னான். இவன் கையுறைகளைக் கழற்றிப் பனியில் எறிந்தான். அந்த ஆட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சண்டைக்கு வா.

நான்கு தையல் என்று பிறகு கேள்விப்பட்டான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று ஞாயிறு. அதே அரங்கு. மறுபடி அதே இரண்டு அணிகள். பதினொரு மணிக்குக் கழுகுகளின் மேலாளர் கூப்பிட்டு, உன்னை வேறு அணிக்கு மாற்றிவிட்டோம் என்றார்.

எந்த ஊர் என்று கேட்டான்.

மேலாளர் பேனாவால் எதிர்ச்சுவரைக் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் நீர்நாய்களின் அறை.

இவனுக்குப் பதிலாகக் கழுகுகளுக்குக் கிடைத்தது ஒரு கோல் காப்பாளர். கணுக்காலில் கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். நடைபாதையில் எதிர்ப்பட்டபோது இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

பத்து வருடம். ஆறு அணிகள். எல்லாமே பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே, பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் திரும்புகிறவை. வயது முப்பத்திரண்டு. இது ஏழாவது. எட்டாவது என்று ஒன்று இருக்காது.

பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. அப்பா.

ஸ்காபரோவில் இருக்கும் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார். இரண்டு நாளுக்கும் முன்வரிசை இருக்கை. உடம்பில் கழுகுகளின் பச்சைச் சட்டை, முதுகில் மகனின் பெயர்.

"தம்பி, உண்மையே?"

"ஓமப்பா."

"அப்ப அந்த நெட்டையன்?"

"இனி எங்கட ஆள்."

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"நேற்று நான் அவன்ர பரம்பரையையே இழுத்துப் பேசிப்போட்டனடா. கண்ணாடித் தடுப்புக்குக் கிட்டப் போய் நிண்டு."

"தமிழிலதானே அப்பா?"

"கையாலயும் காட்டினனான்."

ஆரூரன் கதவைத் தள்ளினான்.

உட்கார இடம் தேடினான்.

காலியாக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஸ்டெல்மாக்குக்குப் பக்கத்தில்.

உதடு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று இவன் வாயைத் திறந்தான். ஸ்டெல்மாக் திரும்பிப் பார்க்காமலே தன் பையைச் சற்று நகர்த்தி வைத்தான். இடம் கொடுத்தானா, எல்லை போட்டானா, தெரியவில்லை.

நீர்நாய்களின் சிவப்புச் சட்டை ஒன்று வந்தது. பெயர் தைக்க நேரமில்லை. எண் மட்டும்.

ஆட்டத்தின் நாலாவது நிமிடம், பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு இவனிடம் வந்தது. இடது கண்ணோரம் பச்சை தெரிந்தது. மூன்று வருடப் பழக்கம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அளவாக, அழகாகத் தள்ளிவிட்டான்.

பச்சைச் சட்டைக்காரன் கோல் அடித்தான். அடித்துவிட்டு இவனுக்கு நன்றியும் சொன்னான்.

மூவாயிரம் பேர் எழுந்து நின்று சிரித்தார்கள்.

நீர்நாய்களின் பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் கூரையைப் பார்த்தார். அதன் பிறகு இவனைப் பார்க்கவே இல்லை. முதல் பகுதி முடியும்வரை பெஞ்சிலேயே உட்கார வைத்தார்.

இரண்டாம் பகுதியில், வேறு ஆள் இல்லாமல், இறக்கினார்.

இறங்கிய உடனே டைலர் வந்தான். கழுகுகளின் டைலர். மூன்று வருடம் பஸ்ஸில் பக்கத்து இருக்கை. இவனுடைய இடது தோள் பலவீனம் என்பது அவனுக்குத் தெரியும். கட்டுப் போட்டுவிட்டவனே அவன்தான்.

நேராக அந்தத் தோளுக்கு வந்தான்.

பலகைச் சுவர் அதிர்ந்தது. இவன் பனியில் கன்னம் பதியக் கிடந்தான். மூச்சு வரவில்லை. வந்த கோபமெல்லாம் டைலர் மேல் இல்லை. இத்தனை வருடம் விளையாடிவிட்டு, சிரிப்பாய்ச் சிரிக்கப்பட்டு முடியப்போகிறோமே என்றுதான்.

மூக்குக்கு முன்னால் ஒரு கையுறை வந்து விழுந்தது.

பிறகு இன்னொன்று.

தன்னுடையவையா என்று பார்த்தான். இல்லை. இரண்டு மடங்கு பெரியவை.

ஸ்டெல்மாக் டைலரின் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்தான்.

சண்டை இருபது விநாடிகூட நீடிக்கவில்லை. நடுவர்கள் பிரித்தபோது டைலர் கீழே இருந்தான். ஸ்டெல்மாக்கின் நான்கு தையலும் பிரிந்து, ஒரு பல்லும் போயிருந்தது. தண்டனைக் கூண்டுவரை பனியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

ஐந்து நிமிடத் தண்டனை.

பயிற்சியாளர் வெளியே வா என்று கைகாட்டினார். இவன் தலையை அசைத்து மறுத்தான்.

அந்த ஐந்து நிமிடமும் ஓடினான். பெஞ்சுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே மறுபடி இறங்கினான். ஒருமுறை வட்டு கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல் விழவில்லை. ஆனால் பச்சைச் சட்டைகள் எதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

தண்டனை முடிந்து ஸ்டெல்மாக் வந்தான். பெஞ்சில் நிறைய இடமிருந்தது. இவனை ஒட்டி உட்கார்ந்தான். வாய் நிறையப் பஞ்சு.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பல் டாக்டர்," என்றான். "எனக்குக் கார் இல்ல."

"அப்பாவோட கார்ல ஒன்பதரைக்கு வரேன். வீடு எங்க?"

ஸ்டெல்மாக் தெருவின் பெயரைச் சொன்னான். பஞ்சுக்குள் எதுவும் புரியவில்லை. இவன் இன்னொரு முறை கேட்டான். இன்னொரு முறையும் புரியவில்லை.

புரிந்ததுபோல் தலையாட்டினான்.

பயிற்சியாளர் இரண்டு பேர் முதுகிலும் தட்டினார்.

ஒன்றாக இறங்கினார்கள்.