மேல்வீட்டுச் சத்தம்

படிக்கட்டில் ஷூ சத்தம் கேட்டதும் தையல்காரி பெடலிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தாள். மெஷின் நின்றது. கூடவே மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.

ஷூ அவள் வாசலைத் தாண்டி மேல்மாடிக்குப் போய்விட்டது. அப்பாடா என்று நெஞ்சில் கைவைத்தாளோ இல்லையோ, கீழ்வீட்டுக் குழந்தை வீல் என்று ஆரம்பித்தது.

"போச்சுடா! மறுபடியும் எழுப்பி விட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் பயத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. விடிந்தால் ரயிலைப் பிடித்து நகரத்துக்கு ஓடுகிற ஜனங்கள் நிறைந்த அந்த ஊரில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், கட்டுப்படியாகிற வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிலும் தையல் மெஷின் என்று வாயைத் திறந்தாலே வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கிவிடும். போன வீட்டில் சத்தத்தைச் சாக்காக வைத்துத்தான் துரத்தினார்கள்.

இந்த ஓனரும் சாவியைக் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். "மெஷின் வச்சுக்குங்க, வேணாங்கல. ஆனா கீழ்வீட்டுலேர்ந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் அடுத்த மாசமே காலி பண்ணிடணும்."

கீழ்வீட்டில் அப்போது புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். லீவு நாளில்கூட டை கட்டுகிற மனுஷர் என்பதால் இவள் அவருக்கு வைத்த பெயர் டைக்காரர். அவர் மனைவிக்கு நிறைமாதம். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த சமயம் இவளுக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர். காலையில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பாள். கீழே ஒரு குழந்தை இருக்கிற சுவடே தெரியவில்லை.

ஒருநாள் ஊசி உடைந்து மெஷின் நின்றபோதுதான் அந்த அழுகை காதில் விழுந்தது. 'பாவி, இத்தனை நாளும் நம்ம சத்தத்துலதான் அந்தப் பிஞ்சு கதறியிருக்கு. நமக்குத்தான் கேக்கல!'

அன்றைக்குப் பிடித்தது சனி. மெஷினுக்கு அடியில் போர்வையை மடித்துப் போட்டாள். அழுகை நிற்கவில்லை. மத்தியானத் தையலை விட்டாள். இப்போது மத்தியானமும் சேர்த்து அழுதது. நேற்று மோட்டாரையே போடாமல், சக்கரத்தைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றித் தைத்துப் பார்த்தாள். குழந்தை கட்டடத்தையே இரண்டாக்கிவிட்டது.

"இந்தச் சின்னச் சத்தம்கூட ஆகலையா? அப்படியே பாம்புக் காது!" என்று அவளுக்கு ஆச்சரியம் வேறு.

கையால் சுற்றினால் ஆர்டர் நகருமா? வேறு வழியில்லாமல் இன்றைக்குக் கொஞ்ச நேரம் பெடலை மிதித்தாள். அதற்குள் இந்த ஷூ, இந்த அழுகை.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் சாயங்கால ரயிலில் வந்து இறங்கி, உள்ளே நுழைந்ததும் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அவங்க வாயைத் திறந்து ஏதாவது சொன்னாங்களா? நீயா ஏன் கெடந்து தவிக்கிறே? போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்."

"நல்லாருக்கே! நானே போய் கழுத்தை நீட்டணுமா? அந்த டைக்காரர் எதிர்ல வந்துடக் கூடாதுன்னு நான் படியையே மிதிக்கிறதில்ல, லிஃப்ட்லயே ஒளிஞ்சு ஒளிஞ்சு போயிட்டு வரேன்."

"சரி, திங்கக்கிழமை யூனிஃபார்முக்கு வேன் வந்து நிக்குமே. என்ன பண்ணுவே?"

தைத்தால் வீடு போகும், தைக்காவிட்டால் பிழைப்பு போகும். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள்.

காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்தால் டைக்காரர்! டை இல்லை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. சட்டைப் பட்டன் ஒன்று இடம் மாறிப் போட்டிருந்தது. தையல்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"மேல தையல் மெஷின் வச்சிருக்கிறது நீங்கதானேக்கா?"

"சார், தப்புதான் சார். கையாலதான் சார் தைக்கிறேன். அடியில போர்வைகூடப் போட்டிருக்கேன், வேணும்னா வந்து பாருங்க" என்று படபடவென்று கொட்டினாள். "இனிமே சத்தமே வராது சார், நான் பொறுப்பு" என்று கணவனும் சேர்ந்துகொண்டான்.

"ஐயோ, என்னையும் கொஞ்சம் பேச விடுங்க!" டைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரமா நானும் அவளும் கண்ணை மூடல. இன்னைக்கு ரயில்ல நின்னபடியே தூங்கிட்டேன், கடைசி ஸ்டேஷன்ல எழுப்பி விட்டாங்க. ஆபீஸ்ல வார்னிங் குடுத்துட்டாங்க. இனிமே முடியாதுன்னுதான் ஓனருக்கே போன் போட்டுப் பேசிட்டேன்."

தையல்காரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எப்ப சார் காலி பண்ணணும்?"

"காலியா? நீங்க இன்னும் காலி பண்ணலைன்னு அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உசிரே வந்தது." டைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். "அந்த மெஷினை நிறுத்தாதீங்கக்கா, அது ஓடினாத்தான் குழந்தை தூங்குது!"