சுற்றிக் கொடுத்த விளம்பரம்

மருந்துக்கடையின் மேல்தட்டில் பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட் ஒன்று இருந்தது.

"என் அட்டையைப் பார்த்தாயா? நரைத்த ஜோடி சிரித்துக்கொண்டே மலையேறுகிறது. 'கூச்சம் எதற்கு?' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது" என்றது.

"போட்டு என்ன பிரயோஜனம்? உன்னை மூடிக் கொடுக்கத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்" என்றது பக்கத்தில் கிடந்த பழைய பேப்பர்.

அப்போது ஒருவர் வந்தார். வயது எழுபதுக்குக் குறையாது. கடை காலியாகும்வரை இருமல் மிட்டாயின் விலையை மூன்று தடவை விசாரித்தார். பிறகு மேல்தட்டை நோக்கி விரலை நீட்டி, "எங்க அப்பாவுக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

கடைக்காரர் தலையாட்டிவிட்டு, பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

"வெளியே என்ன நடக்கிறது?" என்றது பாக்கெட்.

"எல்லாரும் உன் மலையேறும் ஜோடியைத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் என் முழுப் பக்கத்திலும் உன் விளம்பரம்தான். கடைக்காரர் அதை வெளிப்பக்கமாக வைத்துச் சுற்றிவிட்டார்."

எதிர் சீட்டிலிருந்த அம்மாள் குனிந்தார். அவருக்கும் எழுபது இருக்கும். "சார், இது எந்தக் கடையில கிடைக்கும்? எங்க மாமியாருக்கு."

அவர் தன் மடியைப் பார்த்தார். காது சிவந்தது. "பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடை. எங்க அப்பா இதைத்தான் போடுறார்."

"அம்மாள் குரலைக் கேட்டால், அந்த மாமியாருக்கு நூறு வயசு இருக்குமே!" என்றது பாக்கெட்.

"சும்மா இரு" என்றது பேப்பர். "ரெண்டு பேருமே நீண்ட ஆயுசுக் குடும்பம்."