இரண்டாயிரத்தின் மடிப்பு

செல்லசாமிக்குக் கண் தெரியாது. பழைய நோட்டில் தடவிப் பார்க்கும் புள்ளிகள் தேய்ந்துபோகும். அதனால் என் மஸ்கெலியாக் கடையில் மீதி வாங்கியதும், கைக்கு வரும் எந்த நோட்டையும் போல அதையும் தன் கணக்குப்படி மடித்துக்கொள்வார். ஐநூறு நீளவாக்கில், ஆயிரம் நான்காக, ஐயாயிரத்துக்கு ஒரு மூலை மட்டும். மனைவி மீனம்மா பையோடு ஒதுங்கி நிற்பாள். அண்ணன் என்ற முறையில் என்னை ‘நானா’ என்பாள்.

சித்திரையில் அவரை அடக்கம் செய்தார்கள். புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்தது அதற்குப் பிறகுதான்.

நேற்றுக் காலை மீனம்மா கோதுமை மா வாங்க வந்து அதில் ஒன்றை நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மறைந்திருக்கும் உருவம் தெரிந்தது, பாதுகாப்பு நூலும் தெரிந்தது. நல்ல நோட்டு. ஆனால் இரண்டு மூலைகள் முக்கோணமாக மடிந்திருந்தன.

“யாரு மடிச்சது, மீனம்மா?”

“நான் மடிக்கல, மஃறூப் நானா. டின்னுக்குள்ள நேராத்தான் வெச்சேன்.”

“அவர் இருக்கும்போது இந்த நோட்டே இல்லையே.”

“அதான், நானா, எனக்கும் வெளங்கல.”

மீதி இரண்டு ஐநூறுகளை மேசையில் வைத்துவிட்டு மா நிறுக்கத் திரும்பினேன். கடையில் வேறு யாரும் இல்லை. மாவோடு வந்தபோது அவள் இரண்டு கைகளாலும் பையை விரித்துப் பிடித்திருந்தாள். மேசையிலிருந்த ஐநூறுகள் நீளவாக்கில் மடிந்திருந்தன.

மீனம்மா பணத்தைத் தொடவில்லை. அவர் எடுப்பதற்கு வழக்கம்போல இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.