வேப்பனப்பள்ளிக்கு வந்த ஸ்பானிஷ்

பைபிள் மேலும் சரி, கற்பூரம் அணைத்தும் சரி, எப்படி வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

"கதவத் தொறம்மா! உள்ள இந்திப் பாட்டு நடக்குதுன்னு ஊரே சொல்லுது!"

வருஷம் அறுபத்தெட்டு, இந்தி எதிர்ப்பு மும்முரமாக இருந்த நேரம். வேப்பனப்பள்ளி மாந்தோப்பு ஓரத்து ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தின் முன்னால் ஆஞ்சப்பன் போட்ட கத்தலில் பிஞ்சு மாங்காயெல்லாம் உதிர்ந்தன. கிளிகள் எல்லை தாண்டி ஆந்திராவுக்கே போய்விட்டன. அவன் பின்னால் கறுப்புக் கொடியோடு ஒரு கூட்டம். பூட்டும் கையுமாக ராமப்பன்.

கிருபாராணி டீச்சர் வெளியே வந்தாள்.

"அண்ணே, இது இந்தி இல்ல. ஸ்பானிஷ்."

"பேர மாத்திட்டா எங்களுக்குத் தெரியாதா? எம்பொண்ணு செல்லி வீட்டுல தண்ணிய அகுவாங்கறா! நிலாவ லூனாங்கறா! பேய் புடிச்சிருச்சுன்னு அவங்கம்மா வேப்பிலை அடிச்சிக்கிட்டிருக்கா!"

கொட்டகை கன்னியர் மடத்துக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெயின் தேசத்துப் பெரிய மதர் வருகிறார். பிள்ளைகள் அவர் பாஷையில் பேசினால் ஓட்டுக் கட்டடம் கிடைக்கும். பேசாவிட்டால் இருக்கிற ஓலையும் போய்விடும். அதனால்தான் மடத்திலேயே வளர்ந்து அந்தப் பாஷை படித்த கிருபாராணி, மூன்று மாதமாகக் கொட்டகைக்குள் தமிழையே எடுப்பதில்லை. தண்ணீர் கேட்பதும் பால் கேட்பதும் ஸ்பானிஷ் பாட்டாகத்தான்.

"பேச்சு என்ன பேச்சு? பூட்டுடா ராமப்பா!"

கிருபாராணிக்கு உச்சந்தலை கொதித்தது. மூன்று மாதமாக அடக்கி வைத்த தமிழெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பியது.

"கதவத் தொட்டுப் பாருய்யா! அப்புறம் இருக்கு! மொளைச்சு மூணு எலை விடாத புள்ளைங்க பாடுறது உங்களுக்கு உறுத்துதா? அகுவான்னா தண்ணி. இந்தில தண்ணிக்கு என்னா? நீயே சொல்லு!"

"பானி!" என்று சீறினான் ஆஞ்சப்பன்.

"லெச்சேன்னா பால். இந்தில?"

"தூத்!" என்றது பாதிக் கூட்டம்.

"லூனான்னா நிலா. அதுக்கு?"

"சாந்த்!"

மொத்தக் கூட்டமும் ராகம் போட்டுச் சொன்னது.

"சந்திரமான்னும் சொல்லலாம்ணா" என்றான் ராமப்பன்.

"அதெல்லாம் பொஸ்தகத்துலடா. பேச்சுல சாந்த்துதான்" என்று திருத்தினான் ஆஞ்சப்பன்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொடிகள் மெல்லச் சுருண்டு கக்கத்துக்குள் போயின.

"பாக்கப்போனா... இந்தி மாதிரி இல்லதான்" என்று இழுத்தான் ஆஞ்சப்பன். "வெளியில யாருகிட்டயும் சொல்லிக்காதம்மா."

வந்தது ஒரே வழி. போனது ஆளுக்கொரு வழி. ராமப்பன் பூட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்தையே எப்படி மடக்கினாள் பார் என்று கிருபாராணியை ஊர் இன்றைக்கும் மெச்சுகிறது. மடக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு அங்கே நின்றவர்களில் இந்தி தெரியாத ஒரே ஆள் அவள்தான், தெரியாமல்தான் கேட்டாள்.