தம்பியின் கிட்டார்

மடியில் கிடத்தி வாசிக்கும் அந்தப் பழைய எலக்ட்ரிக் கிட்டாரை டீச்சர்தான் ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன அவருடைய தம்பியுடையது. மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கம்பிகளுக்கு அடியில் இருந்து சத்தத்தைப் பிடிக்கும் 'காயில்' என்ற செம்புச் சுருள் மட்டும் அறுந்து, பச்சை பூத்துக் கிடந்தது.

"இது ஊமையாகிப் பல வருஷம் இருக்கும், டீச்சர்," என்றார் ரிப்பேர்க்காரர்.

"தம்பி தினமும் சாயங்காலம் வாசிக்கறானே. கொஞ்சம் இரைச்சல் வருது. அதைச் சரிபண்ணிக் குடுங்க, போதும்."

ரிப்பேர்க்காரர் அறுந்ததைக் கழற்றிவிட்டு, புதுக் காயில் சுற்றி மாட்டினார். சத்தம் சுத்தமாக வந்தது.

நாலாம் நாள் டீச்சர் கிட்டாரோடு திரும்பி வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"நீங்க கை வெச்சதிலிருந்து மூச்சே விடமாட்டேங்கறான். பழையபடி அறுத்துக் குடுத்துடுங்க."

ரிப்பேர்க்காரர் ரொம்ப நேரம் தயங்கினார். பிறகு டீச்சரின் கண்ணெதிரிலேயே காயிலைக் கத்தரியால் அறுத்தார். டீச்சர் கிட்டாரை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போனார்.

மறுநாள் வெறுங்கையோடு வந்து கடை வாசலிலேயே நின்றார்.

"என்ன டீச்சர், தம்பி வாசிக்கறானா?"

"வாசிக்குது," என்றார் டீச்சர். "ஆனா அது என் தம்பி இல்ல."