பின்பக்கம் பெயரில்லாத ஆந்தை

மியோஷி நான்காவது நீல நாடாவை ஒட்டியபோதே நெமோதோவுக்குத் தெரிந்துவிட்டது. படம் தேறாது.

திங்கட்கிழமைக் காலைப் பரிசோதனை. பட்டறைச் சுவரோரம் இருபத்தைந்து ஆந்தைப் படங்கள் வரிசையாக நின்றன. நெமோதோவின் தூங்குமூஞ்சி ஆந்தையைத் தெரியாதவர்கள் டோக்கியோவில் யார் இருக்கிறார்கள்? அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும். பிஸ்கட் டப்பா மூடியிலும் கொட்டாவி விடும்.

வரைவதெல்லாம் பட்டறையின் முப்பது பேர்தான். யார் யார் கை பட்டதோ, அவர்கள் பெயர்களைப் படத்தின் பின்பக்கம் எழுதிவிடுவார்கள். நெமோதோ கணினியில் உருவத்தைத் திருத்துவார், நிறங்களுக்கு எண் கொடுப்பார், கடைசியில் கையெழுத்துப் போடுவார். அவர் தூரிகை பிடித்துப் பதினோரு வருடமாகிறது.

நேற்று, ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை, தனியாக வந்து ஓர் ஆந்தையைத் தலைமுதல் நகம்வரை தானே வரைந்தார். யாரிடமும் சொல்லாமல் வரிசையில் செருகினார். மியோஷியின் கண்ணைத் தாண்டிவிட்டால் நான் இன்னும் ஓவியன்தான் என்று ஒரு சின்னப்பிள்ளைப் பந்தயம், தனக்குத்தானே.

மியோஷி இருபது வருடமாகப் பரிசோதிக்கிறவள். அவளிடமா நடக்கும்? விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். தூரிகையின் தடம் தெரிந்த இடத்திலெல்லாம் நாடா ஒட்டினாள். படத்தில் எவர் கையும் தெரியக்கூடாது என்பது நெமோதோவே போட்ட சட்டம். மூன்று நாடாவைத் தாண்டினால் உப்புத்தாளால் தேய்த்து அழிக்க வேண்டியதுதான்.

மொத்தம் ஒன்பது நாடா.

படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. யார் வேலை இது என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

நான்தான் என்று நெமோதோ சொல்லிவிடலாம். சொன்னால் முப்பது பேரும் குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். மியோஷி நாடாக்களை ஒவ்வொன்றாக உரிப்பாள். அந்தக் கணமே படம் பிரமாதமாகிவிடும். நினைக்கவே அவருக்கு அலுப்பாக இருந்தது.

ஆந்தையின் கண்ணைச் சுற்றி நெளிந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த கசாமா அப்போதுதான் கையைத் தூக்கினார். பதினெட்டு வருடமாக எல்லா ஆந்தைகளுக்கும் கண்கோடு இழுப்பவர். பட்டறையில் அவ்வளவு திடமான கை வேறு யாருக்கும் கிடையாது.

"நான்தாங்க பண்ணேன். கை நடுங்கிடுச்சு."

யாரையும் பார்க்காமல் குனிந்து வணங்கினார்.

 இனிமேல் கோடு வேண்டாம், வண்ணம் கலக்கும் மேசைக்குப் போய்விடுங்கள் என்று மியோஷி மெதுவாகச் சொன்னாள். கசாமா தன் தூரிகைகளை எடுத்துப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தார்.

நெமோதோ வாயைத் திறந்தார்.

"தேய்ச்சிடுங்க," என்றார்.

நெமோதோவுக்குக் கை நடுங்கத் தொடங்கி நான்கு மாதமாகிறது. மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.