மாமியார் மறந்த இடம்

நாகஸ்வரத்தின் மேல்நாட்டு உறவான ஓபோவை ஊதிக்கொண்டிருந்தவனின் உதட்டிலேயே சீவாளி பிளந்துவிட்டது.

நல்லவேளையாக இசைக்குழு முழுவதும் ஒரே நேரத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. கோழிக்குஞ்சு மிதிபட்டதைப் போல எழுந்த அந்தக் கீச்சு யார் காதிலும் விழுந்திருக்காது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

அடுத்த நொடி எல்லோரும் நிறுத்தினார்கள்.

கான்செர்ட்டோ என்னும் மேல்நாட்டு இசை வடிவத்தில் அப்படி ஓர் இடம் உண்டு. அறுபது பேரும் சும்மா உட்கார்ந்திருக்க, தனி வாசிப்புக்காரர் மட்டும் தன் கைவரிசையைக் காட்டுவார். அந்தக் காலத்தில் அந்த இடத்துக்குத் தாளில் ஒன்றுமே எழுதியிருக்காது. மேடையில் தோன்றியதை வாசிக்க வேண்டியதுதான். இப்போது யார் அந்த வம்புக்குப் போகிறார்கள்? வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள்.

அன்று பியானோவின் முன் உட்கார்ந்திருந்தவர் அவனுடைய மாமியார். முப்பது வருடங்களில் ஒரு சுரம்கூட மறக்காதவர் என்று பெயர் வாங்கியவர். ஒத்திகையில் அவருடைய தனி வாசிப்பு இரண்டே நிமிடம்தான், நொடி பிசகவில்லை.

அது முடிந்ததும் முதலில் நுழைய வேண்டியது ஓபோ. அதுவும் தன்னந்தனியாக. அவனுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பதை அந்த இடத்தை வைத்துத்தான் முடிவு செய்வேன் என்று இசை நடத்துநர் சொல்லியே விட்டார்.

மாமியாரிடம் சிபாரிசுக்குப் போக இவனுக்கு ரோஷம். போனாலும் நடக்காது. கல்யாணத்தன்றே, “ஊதுற மாப்பிள்ளை” என்று சிரிக்காமல் சொன்ன மனுஷி அவர்.

புதுச் சீவாளியை வாயில் போட்டு அதக்கினான். சுள்ளியாகக் காய்ந்திருந்தது. ஊறி வழிக்கு வர நாலு நிமிடமாவது வேண்டும்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. பியானோவில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு மாறி மாறி நடுங்கத் தொடங்கின. முடிக்கப்போகிறேன், தயாராகுங்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். நடத்துநர் கோலை உயர்த்தினார்.

செத்தோம் என்று நினைத்தான்.

நடுக்கம் முடியவில்லை. வழுக்கிக்கொண்டு வேறெங்கோ போயிற்று.

ஒத்திகையில் இல்லாத எதையோ மாமியார் வாசித்துக்கொண்டிருந்தார். நடத்துநரின் கோல் மெல்லக் கீழே வந்தது. பிடில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் தலையைத் திருப்பி இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பாவம், திக்குத் தெரியாமல் தவிக்கிறார். அவருக்கா இந்தக் கதி என்று இவனுக்கு மனசு கேட்கவில்லை. நாக்கு மட்டும் தன்பாட்டுக்குச் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் நடுக்கம் வந்தது, மறுபடியும் நழுவியது. நடத்துநரின் கழுத்து சிவந்துவிட்டது.

ஒருவழியாகச் சீவாளியைப் பொருத்தி ஓபோவை உயர்த்தினான். மாமியார் இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் முறை நடுக்கம் ஒழுங்காக முடிந்தது. கோல் இறங்கியது. அவன் ஊதினான். அவனுக்கே நம்ப முடியாத சுத்தத்துடன் வந்தது.

மேடைக்குப் பின்னால் நடத்துநர் முதலில் அவன் கையைத்தான் குலுக்கினார். வேலை நிரந்தரம். பிறகு மாமியாரிடம், இனிமேல் தாளைப் பார்த்தே வாசிக்கலாம், அதில் ஒன்றும் வெட்கமில்லை என்று இறுகிய குரலில் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் தலையாட்டிக்கொண்டார். முப்பது வருடப் பெயர் ஒரே மாலையில் போயிற்று.

அவன் அவருடைய கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தான்.

“விடுங்க அத்தை. மறதி மனுஷங்களுக்கு வர்றதுதானே? இதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க.”

அவர் கோட்டுக்குள் கைகளை நுழைத்து, பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

“சரி மாப்பிள்ளை. நீங்க மட்டும் இனிமே ரெண்டு சீவாளியா நனைச்சு வச்சுக்கிட்டு உட்காருங்க.”